இணைப்பகத்தின் சாவி யாரிடம்?

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், அதாவது ஒவ்வொரு ‘புள்ளி’க்கும், ஓர் அறை உண்டு. தலைவாசல் எல்லாருக்கும் பொது. அறைச் சாவி மட்டும் அவரவரிடம். தொலைபேசி இணைப்பகத்தையும் இப்படித்தான் காக்கிறார்கள். அது எப்படி என்று பார்ப்போமா?

பழைய ஸ்ட்ரௌஜர் இணைப்பகங்களில் மின்காந்தங்களும் உலோகக் கைகளும் ‘டக் டக்’ என்று நகர்ந்து இணைப்புக் கொடுத்தன. ஓர் இணைப்பைத் துண்டிக்க வேண்டுமென்றால் ஊழியர் உள்ளே போய்க் கம்பியைத் தொட வேண்டும். ஆகவே, கட்டடத்தின் கதவைக் காத்தால் பெரும்பாலும் போதும்.

பிறகு மின்னணு இணைப்பகங்கள் வந்தன. 1984-இல் தொடங்கிய ஸி-டாட் நிறுவனம் நம் கிராமங்களுக்கென்றே 128 முனைகள் கொண்ட சிறிய இணைப்பகத்தை உருவாக்கியது. 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் அது இயங்கத் தொடங்கியது. இத்தகைய இணைப்பகங்களுக்கு மூளையாக இருப்பது கணிப்பொறி. விசைப்பலகையில் ஒரு வரி ஆணை கொடுத்தால் போதும். ஒருவருக்குப் புதிய இணைப்பு வரும், இன்னொருவரின் இணைப்பு அறுந்துபோகும். கம்பியைத் தொடவே வேண்டாம்! அப்படியானால், யார் வேண்டுமானாலும் அந்த வரியை அடித்துவிடலாமா?

கூடாது. எனவே ஒவ்வோர் ஆணைக்கும் முன்னும் பின்னும் கணிப்பொறி மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, ஆள் யார் என்று அறிவது. பெயரையும் கடவுச்சொல்லையும் அது கேட்கும்.

இரண்டாவது, அவருக்கு எது அனுமதி என்று பார்ப்பது. ஆணைகள் வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பழுது பார்ப்பவர் ஓர் இணைப்பைச் சோதிக்கலாம். கட்டணக் கணக்கை மாற்ற முடியாது. வேலைக்குத் தேவையான அதிகாரம் மட்டுமே ஒருவருக்கு உண்டு; அதற்கு மேல் இல்லை.

மூன்றாவது, பதிவேடு எழுதுவது. யார், எந்த நேரத்தில், என்ன ஆணை கொடுத்தார் என்பது அதில் பதிவாகும்.

இந்த மூன்றாவது வேலை நின்றுபோனால் என்ன ஆகும்? கிரேக்க நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். 2004-இல் ஏதென்ஸில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்த காலம். வோடஃபோன் கிரீஸ் நிறுவனத்தின் இணைப்பகங்களுக்குள் யாரோ இரகசியமாக ஒரு நிரலைப் புகுத்திவிட்டார்கள். சட்டப்படி அனுமதி பெற்று ஒட்டுக்கேட்பதற்கென இணைப்பகத்தில் இருந்த வசதியை அந்த நிரல் திருட்டுத்தனமாக இயக்கியது. பிரதமர் கரமன்லிஸ் உள்பட நூற்றுக்கு மேற்பட்டோரின் பேச்சு மாதக்கணக்கில் ஒட்டுக்கேட்கப்பட்டது.

எவரும் ஏன் கவனிக்கவில்லை? சாதாரண ஆணை ஒன்றை அடித்து, அதன் பின்னால் ஆறு வெற்றிடங்களை விட்டால், பதிவேடு எழுதுவது நின்றுவிடும்! அது நின்றதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கையும் எழாது. 2005-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சில குறுஞ்செய்திகள் போய்ச் சேரவில்லை. அதன் காரணத்தைத் தேடியபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

பூட்டு வலுவாக இருந்தால் மட்டும் போதாது என்பதை இதிலிருந்து அறிகிறோம். ஆணை கொடுப்பவரின் கைக்கு எட்டாத இடத்தில் பதிவேடு இருக்க வேண்டும். அதனால், பதிவை உடனுக்குடன் வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பிவிடுவது நல்லது. அதைச் சரிபார்ப்பவரும் வேறொருவராக இருக்க வேண்டும். கணக்கு எழுதுபவரே தணிக்கையும் செய்தால் யார் நம்புவார்கள்?

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் பள்ளியின் கணிப்பொறி அறையில் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்லா? அப்படியானால், ஒரு கோப்பு அழிந்துபோனால் அதை அழித்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? யோசித்துப் பாருங்கள்.