பாரீஸ் தட்டில் ஜப்பான் மீன்!

புளியங்குடி டீக்கடையில் கண்ணாடி கிளாசில் டீ கொடுப்பார்கள். பிரான்சு நாட்டுச் சீமான்களோ, படம் தீட்டிய பீங்கான் கோப்பையில் டீ குடித்தார்கள். அது எந்த ஊர்ப் படம்? ஜப்பான் படம்!

ஜப்பான் ஓவியர் ஹோகுசாய். மீன், பூச்சி, பறவை என்று படங்களை வரைந்து புத்தகங்களாக வெளியிட்டார். 1849-ல் காலமானார்.

1854-ல் ஜப்பான் தன் துறைமுகங்களை மேல்நாட்டாருக்குத் திறந்துவிட்டது. அந்தப் புத்தகங்கள் பாரீஸ் நகருக்குப் போயின. பிராக்மோன் என்ற பிரெஞ்சு ஓவியர் அவற்றைக் கண்டு சொக்கிப் போனார். 1866-ல், அவற்றைப் பார்த்து சாப்பாட்டுத் தட்டுகளுக்குப் படம் வரைந்தார்.

1867-ல் பாரீஸ் பொருட்காட்சியில் அந்தத் தட்டுகளுக்கு நல்ல பெயர்! பிறகு லிமோஜ் நகரத்துப் பீங்கான் கோப்பைகளிலும் ஜப்பான் பூக்கள் மலர்ந்தன.

ஹோகுசாய் வறுமையை அறிந்தவர். தன் மீன்கள் பணக்காரர் மேஜையில் நீந்தியதை அவர் பார்க்கவே இல்லை!