அரைப்பேர்

பதுளையில் நான் தமிழ் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில், தோட்டத்துச் சிறுவன் ஒருவனின் கட்டுரையில் 'இன்று அம்மாவுக்கு அரைப்பேர்' என்றொரு தொடரைக் கண்டேன். சிவப்பு மையாற் கோடிட்டு, 'பேர் எங்ஙனம் பாதியாகும்?' என்று அருகில் எழுதினேன். பையன் ஒன்றும் கூறவில்லை. அச்சொல்லின் பொருளை நான் அறிந்தது நெடுநாட் கழித்தே.

தோட்டத்திலே 'பேர்' என்பது ஒருநாள் வேலைக்குரிய பதிவு. பதிவேட்டிற் பேர் விழுந்தால் அந்நாட் கூலி உண்டு. பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால் பாதிக் கூலியே கிட்டும், அதுவே அரைப்பேர். மழையிலும் பனியிலும் மலைச்சரிவில் நின்றவளுக்கு அந்தியில் அவள் பேரிற் பாதியே மிஞ்சியது. இதனை ஒரு தொகைச்சொல்லில் அடக்கிய பிள்ளைக்கு நான் பிழை கண்டேன்.

வழக்கு, செய்யுள் இரண்டையும் ஆராய்ந்தே தொல்காப்பியர் இலக்கணம் வகுத்தார் என்பது அந்நூற் பாயிரத்தாற் பெறப்படும். நாமோ செய்யுளைப் போற்றி, வழக்கினைக் 'கொச்சை' என்று தள்ளிவிட்டோம். தேயிலைச் செடிகளிடையே கொழுந்து பறிப்பவர் ஒவ்வொருவர்க்கும் ஒதுக்கும் வரிசைக்கு 'நிரை' என்று பெயர். வெட்சித் திணையின் ஆநிரையும், யாப்பின் நிரையசையும் இச்சொல்லே அன்றோ? தன் தாய் நாடோறும் நிரை பிடிப்பதைக் காணும் பிள்ளைக்கு, நிரையசையை விளக்க வேறு எடுத்துக்காட்டு எதற்கு?

வேறு சில சொற்கள் வரலாற்றைக் கூறுவன. விடியலில் தொழிலாளர் அணிவகுத்து வேலை பெறும் இடம் 'பிரட்டுக்களம்'. பிரட்டு என்பது 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். செடியை வெட்டிக் கழித்தல் 'கவ்வாத்து'. கவாத்து என்பதற்குப் படைப்பயிற்சி என்றும் பொருளுண்டு. அணிவகுப்பும் பயிற்சியுமாகப் பாசறையின் சாயல் இச்சொற்களிற் படிந்திருத்தல் காண்க. 'துண்டு' என்பது இன்னுங் கொடியது. பெரிய கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்து, அதனைத் தீர்ப்பவரிடம் தொழிலாளியை விடுவதாக எழுதிய சீட்டு அது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழிக்கும்வரை, ஒரு மனிதனின் விலை ஒரு துண்டுக் கடதாசியில் அடங்கியிருந்தது.

வரிசை வீடுகளைக் குறிக்கும் 'லயம்' என்பது 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. இசைவாணர்க்கு லயம் தாளத்தின் ஒழுங்கு. சைவ சித்தாந்திகட்கு லயம் ஒடுக்கம். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் மறைந்தன என்ற செய்தி கேட்டபோது, மூன்றாவது பொருள் என் நெஞ்சை அறுத்தது.

எனினும் துயரம் மாத்திரமே அங்குள்ள சொற்களின் பொருளன்று. விடியலில் வேலைக்கழைத்த தப்பு, மாசியிற் காமன் கூத்துக்கும் முழங்கியது, மணத்துக்கும் முழங்கியது, பிணத்துக்கும் முழங்கியது. அடியின் வேறுபாட்டைக் கொண்டே, இன்னது நிகழ்ந்தது என்று அடுத்த லயத்தார் அறிந்தனர்.

நைஜீரிய நாட்டு எழுத்தாளர் சினுவா அச்செபே, 1958இல் வெளியிட்ட தம் ஆங்கில நாவலில் இபோ மொழிச் சொற்களைத் தயக்கமின்றிப் பெய்தார். குடும்பத் தலைவன் வதியும் மனை 'ஓபி'. ஒவ்வொருவர்க்கும் உரிய தனித் தெய்வம் 'சி'. அச்சொற்களின்றி அக்கிராம வாழ்வைக் காட்டல் இயலாதென அவர் கருதினார் போலும். உலகமும் அவற்றைக் கற்றுக்கொண்டது. ஊவாவின் சொற்களை நாம் கற்கலாகாதா?

ஆசிரிய நண்பர்கள் ஒன்று செய்யலாம். தோட்டத்துப் பிள்ளைகள் தம் பாட்டிமாரிடம் கேட்டு, நாளுக்கொரு சொல்லைப் பொருளோடு எழுதி வரட்டும். இளையோர் கொழும்புக்கு வேலை தேடிப் போகின்றனர், முதியோர் மறைகின்றனர், அவர்களோடு சொற்களும் போகின்றன. நானும் ஒரு குறிப்பேடு தொடங்கியிருக்கின்றேன். அதன் முதற் பக்கத்தில், முதற் சொல்லாக, 'அரைப்பேர்' என்று எழுதியுள்ளேன். கோடு இடவில்லை.