கேஜிஎஃப் சுரங்கத்துக்குள் பாட்டோடு இறங்க முடியுமா? விஆர் ஓபரா எழுதுபவரின் வேலை என்ன?

கோலார் தங்கவயலுக்கு இன்று நீங்கள் போனால் துருப்பிடித்த ஷாப்ட் கோபுரங்களைப் பார்க்கலாம். சயனைடு மேடுகளைப் பார்க்கலாம். லைன் வீடுகளில் தமிழ்ப் பேச்சைக் கேட்கலாம். ஆனா சுரங்கத்தை மட்டும் பார்க்க முடியாது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி அது மூடப்பட்டது. தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றதும் கீழே வெள்ளம் ஏறிவிட்டது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த இடம் அது.

போக முடியாத இடத்துக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போவதுதான் விஆர் எனும் மெய்நிகர் தொழில்நுட்பத்தின் பலம். அதோடு பாட்டும் நாடகமும் சேர்ந்தால்? உலகில் சில இடங்களில் சேர்ந்திருக்கிறது. அதற்கு எழுதுவது ஒரு வேலையாகவும் உருவாகி வருகிறது.

விஆர் ஓபரா என்றால் என்ன?

ஓபராவை இசை நாடகம் என்று புரிந்துகொள்ளலாம். கதை முழுக்கப் பாட்டாகவே நகரும். அந்தப் பாடல் வரிகளை எழுதுபவர் லிப்ரெட்டிஸ்ட். நமக்கு இது புதுசு இல்லை. அருணாசலக் கவிராயர் 18-ம் நூற்றாண்டில் இராம நாடகம் செய்தார். 19-ம் நூற்றாண்டில் பண்ணைக் கூலியான நந்தனாரின் கதையை கோபாலகிருஷ்ண பாரதி பாட்டாக்கினார். பிறகு சங்கரதாஸ் சுவாமிகள் வந்தார்.

விஆரில் மேடை கிடையாது. ஹெட்செட் மாட்டிய நீங்கள் கதைக்குள்ளேயே நிற்பீர்கள். லண்டன் ராயல் ஓபரா ஹவுஸ் 2021-ல் 'கரண்ட், ரைசிங்' என்ற படைப்பைத் திறந்தது. வரிகள் மெலனி வில்சன், இசை சமந்தா பெர்னாண்டோ. நீளம் சுமார் 15 நிமிடம். ஒரு தடவைக்கு நான்கு பேர்தான். 2022-ல் ஐரிஷ் தேசிய ஓபரா, ஊர் மக்களையும் சேர்த்துக்கொண்டு 'அவுட் ஆஃப் தி ஆர்டினரி' என்ற விஆர் ஓபராவை உருவாக்கியது. அதை எழுதிய ஜோடி ஓ'நீல் ஒரு நாடக ஆசிரியர். நம் ஊரில் ஏ.ஆர்.ரஹ்மான் இயக்கிய 36 நிமிட விஆர் படம் 'லே மஸ்க்' 2022-ல் கான் விழாவில் காட்டப்பட்டது. அது ஓபரா இல்லை. ஆனா இசையை மையமாக வைத்த விஆர் படைப்பு.

எழுத்தாளருக்கு இதில் என்ன வேலை?

முதலில், வரிகளைக் குறைப்பது. பேசுவதைவிடப் பாடுவதற்கு அதிக நேரம் பிடிக்கும். ஹெட்செட்டை ரொம்ப நேரம் மாட்டியிருந்தால் சிலருக்குத் தலைசுற்றும். அதனால்தான் இந்தப் படைப்புகள் பெரும்பாலும் குறுகியவை.

இரண்டாவது, பார்வையாளர் எங்கே திரும்புவார் என்று யோசிப்பது. சினிமாவில் கேமரா காட்டுவதைத்தான் பார்ப்போம். இங்கே நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். ஆகவே வரி என்ன என்பதோடு, குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதையும் எழுத வேண்டும்.

மூன்றாவது, 'நீங்கள் யார்?' என்பதை முடிவு செய்வது. பார்வையாளர் வேடிக்கை பார்க்கிறாரா, கதையில் ஒரு ஆளா?

கேஜிஎஃப்-ல் அப்படி என்ன கதை இருக்கிறது?

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டரைத் தாண்டிப் போனது. 'ஏர் பிளாஸ்ட்' என்று அவர்கள் சொன்ன பாறை வெடிப்புகள் மேலே இருந்த வீடுகளையும் அதிர வைத்தன.

1930-ல் நிர்வாகம் எல்லோருடைய கைரேகையையும் பதிவு செய்யச் சொன்னபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இதை விஆரில் யோசித்துப் பாருங்கள். ஹெட்செட் உங்கள் கையைக் கண்காணிக்கும். மை தடவிய பட்டை உங்கள் முன்னால் வருகிறது. கையை நீட்டுவீர்களா, இழுத்துக்கொள்வீர்களா? மேடையில் இந்தக் கேள்வி நடிகருக்கு. இங்கே உங்களுக்கு.

இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

கணக்குப் போடலாம். 15 நிமிடத்துக்கு நான்கு பேர் என்றால் ஒரு மணி நேரத்தில் 16 பேர். ஒரே காட்சியில் 400 பேர் பார்க்கும் அரங்கின் கூட்டத்தை எட்ட 25 மணி நேரம் ஆகும். டிக்கெட் வருமானம் போதாது. அதனால் நிதிநல்கையும் பெரிய நிறுவனங்களின் ஆதரவும் முக்கியம். இதை மட்டுமே நம்பாமல் நாடகம், திரைக்கதை, ஆடியோ தொடர் என்று பலதும் எழுதுவதுதான் பாதுகாப்பு.

உரிமையையும் கவனியுங்கள். 2012 காப்புரிமைச் சட்டத் திருத்தம் பாடலாசிரியர்களின் ராயல்டி உரிமையை வலுப்படுத்தியது. இருந்தாலும் விஆர் வடிவம், ஒலிப்பதிவு, மேடை வடிவம் என ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுதி வாங்குவது நல்லது.

எங்கிருந்து தொடங்குவது?

கேஜிஎஃப் இளைஞர்கள் பலர் வேலைக்காகத் தினமும் ரயில் ஏறிப் போகிற பெங்களூரிலேயே வாசல்கள் இருக்கின்றன. தேசிய நாடகப் பள்ளிக்கு அங்கே மையம் உண்டு. இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் கலைத் திட்டங்களுக்கு நிதி தருகிறது.

ஆனா முதல் படிக்கு ஹெட்செட்கூட வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். 1980-ல் 18 வயதில் சுரங்கத்தில் சேர்ந்தவர் இப்போது 60-ஐத் தாண்டிவிட்டார். 13 சயனைடு மேடுகளில் மிச்சமுள்ள தங்கத்தை எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. அந்த மேடுகளும் ஒருநாள் உருமாறலாம். சுரங்கத்தைக் கணினியில் எப்போது வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம். கேஜில் இறங்கும்போது பக்கத்தில் நின்றவர் என்ன பேசினார், என்ன பாடினார் என்பதை அந்தத் தாத்தாவிடம் இப்போதுதான் கேட்க முடியும்.