பிரியாணி பார்சல் ஃபாயில்ல ஒரு தொட்டாச்சிணுங்கி!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல 'டச்' வைக்கணும்னு ஆசை, ஆனா பர்ஸ் காலியா? கவலைய விடுங்க பாஸ்! ஒரு ஆர்டுயினோ உனோ போர்டு, ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர், பிரியாணி பார்சலைச் சுத்தி வந்த அலுமினிய ஃபாயில். இது போதும். (ஃபாயிலை நல்லா கழுவிடுங்க. இல்லேன்னா முதல்ல தொடுறது எறும்பாத்தான் இருக்கும்!)

மேட்டர் சிம்பிள். நம்ம உடம்பே ஒரு கெபாசிட்டர். போர்டோட 4-ம் பின்னுக்கும் 2-ம் பின்னுக்கும் நடுவுல ரெசிஸ்டரை மாட்டுங்க. 2-ம் பின்ல இருந்து ஒரு ஒயரை ஃபாயிலுக்கு இழுங்க. 4-ம் பின் 'ஆன்' ஆனதும் ரெசிஸ்டர் வழியா ஃபாயில் மெதுவா சார்ஜ் ஆகும். அதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுங்கறதுலதான் விஷயமே இருக்கு. சும்மா கிடக்கிற ஃபாயில் 10 பிக்கோ ஃபாரட்னு வெச்சுக்குவோம். ஒரு மெகா ஓமால பெருக்கினா 10 மைக்ரோ செகண்ட். விரல் பட்டு அது 100 பிக்கோ ஃபாரட் ஆச்சுன்னா, 100 மைக்ரோ செகண்ட். நாம கண் சிமிட்டக்கூட பத்தாத நேரம். ஆனா 16 மெகா ஹெர்ட்ஸ்ல ஓடுற உனோவுக்கு அது 1,600 துடிப்பு. சாவகாசமா எண்ணிடும்! எண்ணுற வேலைக்கு பால் பேட்ஜர் எழுதின 'கெபாசிட்டிவ் சென்சார்' லைப்ரரி இலவசமாவே கிடைக்குது.

ஃபாயில்ல ஒயரை சால்டர் பண்ணப் பார்க்காதீங்க, அலுமினியத்துல ஈயம் ஒட்டாது. கிளிப் போடுங்க, இல்லேன்னா காப்பர் டேப் வாங்கிக்குங்க. மேல செல்லோ டேப் ஒட்டினாலும் வேலை செய்யும்.

இனி, நான் மொக்கை வாங்கின கதை. தொடாதப்போ வர்ற எண்ணை லைப்ரரியே கழிச்சிடும். அதுக்கு மேல எவ்வளவு வந்தா 'தொட்டாச்சு'ங்கறதை நாமதான் முடிவு பண்ணணும். ஹாஸ்டல் ரூம்ல தொட்டா 2,000-க்கு மேல வந்துச்சு. சரின்னு 1,000-ல கோடு போட்டேன். வைவா அன்னிக்கு எக்ஸ்டர்னல் வந்து தொட்டார். லைட் எரியலை. இன்னொரு தடவை அழுத்தித் தொட்டார். ம்ஹும்! "தம்பி, இது எப்பவுமே இப்படித்தானா?"ன்னார் பாருங்க... ஹால் முழுக்க சிரிப்பு.

காரணம், சார்ஜர்! ரூம்ல லேப்டாப் மூணு பின் சார்ஜர்ல இருந்துச்சு. அது வழியா போர்டோட கிரவுண்டு, பூமியோட சேர்ந்திருந்தது. ஹால்ல வெறும் பேட்டரி. பூமியோட தொடர்பு அறுந்ததும், அதே விரலுக்கு வந்த எண் 400-ஐத் தாண்டலை. அப்புறம் டப்பாவுக்கு அடியில இன்னொரு ஃபாயிலை ஒட்டி கிரவுண்டோட இணைச்சேன். ஒரு கையால டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு மறு கையால தொட்டா எண் ஜம்முனு ஏறுச்சு. மார்க்குதான் திரும்பி வரலை. அதனால டெமோவுல எந்த பவர்ல ஓடப்போகுதோ, அதுலயே வெச்சு அந்தக் கோட்டைப் போடுங்க.

இவ்வளவு தலைவலி வேணாம்னா ஷார்ட் கட்டும் இருக்கு. இஎஸ்பி32 போர்டுல 10 டச் பின் உள்ளேயே உண்டு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க: பழைய இஎஸ்பி32-ல தொட்டா எண் குறையும், எஸ்3 மாடல்ல ஏறும். ஒரே ஒரு பட்டன் போதும்னா டிடிபி223 மாட்யூல் வாங்கிடுங்க. அதுக்கு பவர் கொடுத்ததும் அரை செகண்ட் கை வைக்காதீங்க, அந்த நேரத்துலதான் அது தன்னை சரிபார்த்துக்கும்.