கனவு வந்தது அக்காவுக்கு

என் பெரியம்மா வீட்டுப் பூஜை அலமாரியில் மூன்று தட்டுகள். மேல் தட்டில் பிள்ளையாரும் லட்சுமியும். நடுத் தட்டில் ஒரு பக்கம் பழனி ஆண்டவர், இன்னொரு பக்கம் சமயபுரத்தாள், நடுவில் வேளாங்கண்ணி மாதா. மாதா படத்துக்கும் சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. கீழ்த் தட்டில் கற்பூரம், திரி, தீப்பெட்டி, அதோடு வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெய் பாட்டில். யாருக்காவது முழங்கால் வலி என்றால் அந்தப் பாட்டில்தான் இறங்கும்.

மாதா அந்த அலமாரிக்கு வந்த கதையைப் பெரியம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து காய்ச்சல் இறங்காமல் கிடந்த மூன்றாம் நாள் ராத்திரி, பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றாளாம். எதுவும் பேசவில்லை. விடிந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அந்த வருடமே வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டு, மாதாவுக்குப் புடவை சாத்திவிட்டு வந்தாள். வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல விளக்கேற்றிச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.

"நேரா வந்து நின்னாங்கன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் பெரியம்மா வேதத்துல சேரல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எதுக்குடா சேரணும்? வந்தவ அதக் கேக்கலையே" என்றாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.

கடவுளே நேரில் வந்துவிட்டால் வாதம் முடிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கன்வென்ஷன் மேடைகளில் சாட்சி சொல்கிறவர்களின் கதை அப்படித்தான் போகும்: இருட்டு, நோய், ஒரு வெளிச்சம், பிறகு ஞானஸ்நானம். எதிர்த்தரப்பு இதை நம்பாது. காசு கொடுத்தார்கள், கோதுமை கொடுத்தார்கள், மூளையைக் கழுவினார்கள் என்று சொல்லும். தரிசனம் வந்தால் மனிதன் மதம் மாறிவிடுவான், ஆகவே மாறியவன் ஒன்று தரிசனம் கண்டிருக்க வேண்டும் அல்லது விலைபோயிருக்க வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. என் பெரியம்மா இந்தக் கணக்கில் எங்கேயும் சேரமாட்டாள். அவளை விடப் பெரிய ஆட்களும் சேரமாட்டார்கள்.

முதலில் எல்லோரும் கைகாட்டும் ஆளையே எடுத்துக்கொள்வோம். இயேசுவின் சீடர்களைப் பிடித்துக் கட்டிக்கொண்டு வரத் தமஸ்கு நகரத்துக்குப் போன சவுல், வழியில் ஒளி கண்டு தரையில் விழுந்து, எழுந்தபோது பவுலாக மாறினார் என்பது நமக்குப் பழகிப்போன சித்திரம். 'அப்போஸ்தலர் நடபடிகள்' இந்தச் சம்பவத்தை 9, 22, 26 ஆகிய மூன்று அதிகாரங்களில் மூன்று முறை சொல்கிறது. மூன்றும் அச்சு அசலாக ஒன்றுபோல இல்லை. கூட வந்தவர்களுக்குக் குரல் கேட்டதா இல்லையா என்பதிலேயே முதல் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. முதல் இரண்டிலும் சவுலுக்கு ஒளியும் குரலும் மட்டும் போதவில்லை. கண் தெரியாமல் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவரைத் தேடி அனனியா என்ற உள்ளூர்ச் சீடர் வருகிறார். கை வைத்து, "சகோதரனே" என்று கூப்பிட்டு, நடந்தது என்ன என்று அவர்தான் விளக்குகிறார். ஞானஸ்நானம் அதற்குப் பிறகுதான். மூன்றாவது முறை சொல்லும்போது அனனியா காணாமல் போய்விடுகிறார், ஆனால் வேறொரு தகவல் சேர்கிறது: வானத்துக் குரல் எபிரெய மொழியில் பேசியதாம். வந்தவர் சவுலின் வீட்டுப் பாஷையிலேயே பேசியிருக்கிறார். அன்றைக்குக் கிறிஸ்தவம் என்று தனியாக ஒரு மதமே பிரிந்திருக்கவில்லை. பவுல் கடைசிவரை தன்னை இஸ்ரவேலன் என்றே சொல்லிக்கொண்டார்.

நம் ஊரில் இதற்கு ஈடான கதை அப்பருடையது. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய பெரியபுராணத்தில் இருக்கிறது. பக்தி விழாவில் பேச்சாளர் சொல்லிக் கேட்டதோடு பலரும் நிறுத்திவிடுகிறோம். நிதானமாகப் படித்தால் வியப்பாக இருக்கும்.

திருவாமூரில் மருள்நீக்கியார் என்ற பெயரோடு பிறந்த அப்பருக்குத் திலகவதி என்று ஓர் அக்கா. தகப்பனார் இறக்கிறார், தாயும் கூடவே போகிறார். அக்காவுக்குப் பேசி வைத்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் சாகிறார். உயிரை விடத் துணிந்த அக்கா தம்பிக்காகத் தங்குகிறாள். இத்தனை சாவைப் பார்த்த தம்பி, இருந்த பொருளைத் தானதர்மத்தில் கரைத்துவிட்டு, நிலையாமையைப் பேசிய சமணத்தில் சேர்கிறார். பாடலிபுரத்துப் பள்ளியில் படித்துத் தருமசேனர் என்று பெயர் பெறுகிறார். அந்த முதல் மாற்றத்தில் தரிசனம் எதுவும் கிடையாது. சாவுகளைப் பார்த்த ஒருவன் யோசித்து எடுத்த முடிவு அது.

அக்கா திருவதிகையில் தங்கி, கோயிலைப் பெருக்கி மெழுகிக்கொண்டு, தம்பியை மீட்டுக்கொடு என்று சிவனிடம் முறையிடுகிறாள். சிவன் கனவில் வருகிறார். யாருடைய கனவில்? அக்காவின் கனவில். சூலை நோய் கொடுத்து அவனை ஆட்கொள்வேன் என்று அவளிடம்தான் சொல்கிறார். ஏற்கெனவே சைவராக இருப்பவருக்குக் கனவு, மாறவேண்டியவருக்கு வயிற்றுவலி! சேக்கிழார் நினைத்திருந்தால் தருமசேனர் முன்னாலேயே ரிஷபத்தைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

அடுத்து வருவது சாதாரண வீட்டு விஷயம்போல நடக்கிறது. சமணர்கள் மந்திரித்துப் பார்க்கிறார்கள், மயிற்பீலியால் தடவிப் பார்க்கிறார்கள், வலி நிற்கவில்லை. தருமசேனர் சமையல்காரரை அக்காவிடம் அனுப்புகிறார். சமணப் பள்ளிக்கு நான் வரமாட்டேன் என்று அவள் சொல்லி அனுப்பிவிடுகிறாள். வேறு வழியில்லாமல் பாயையும் உறியில் தொங்கிய குண்டிகையையும் மயிற்பீலியையும் விட்டுவிட்டு, வெள்ளாடை கட்டிக்கொண்டு, ஆள் தெரியாத இருட்டில் திருவதிகைக்கு வந்து அக்காவின் காலில் விழுகிறார். அவள் ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுக்கிறாள். விடிவதற்கு முன் துடைப்பமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பும்போது தம்பியையும் கூட்டிப் போகிறாள். அங்கே பாட்டு வருகிறது, வலி போகிறது, நாவுக்கரசு என்று பெயர் வைக்கும் குரல் வானத்தில் கேட்கிறது. அந்தக் குரல் வருவதற்கு முன்பே அவர் நீறு பூசியாகிவிட்டது. மதம் மாறியது இருட்டில், அக்கா வீட்டு வாசலில்.

இது சைவர்கள் சொன்ன கதை, சுமார் ஐந்நூறு வருடம் கழித்துச் சொன்ன கதை என்பதையும் மறக்கக் கூடாது. அந்தச் சமையல்காரரிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருக்கக்கூடும்.

தரிசனம் கண்ட கையோடு மாறியவர்கள் இல்லையா? உண்டு. சாது சுந்தர் சிங். பஞ்சாபின் ராம்பூரில் 1889இல் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா பக்திமான், பையனைச் சாதுக்களிடம் அழைத்துப்போய் கீதை படிக்க வைத்தவர். பதினான்கு வயதில் அம்மா இறந்துபோனார். பையனுக்குக் கோபம் முழுக்க மிஷன் பள்ளிக்கூடத்தின் மேல். பைபிளைக் கொளுத்தினான். 1904 டிசம்பரில் ஒரு நாள் விடிகாலையில் குளித்துவிட்டு, கடவுள் இருந்தால் இப்போதே வரட்டும், வராவிட்டால் ஐந்து மணி ரயிலில் தலையைக் கொடுப்பேன் என்று உட்கார்ந்தான். கிருஷ்ணனோ புத்தரோ வருவார் என்று எதிர்பார்த்ததாகவும், வந்தது இயேசு என்றும் பிற்பாடு அவரே சொன்னார். 1905 செப்டம்பர் 3, அவருடைய பதினாறாவது பிறந்தநாளில், சிம்லாவில் ஞானஸ்நானம். வீட்டுக் கதவு மூடியது.

எதிர்பார்க்காத சாமி வந்ததுதான் இந்தக் கதையின் பலம். நான் இதைக் கட்டுக்கதை என்று தள்ளமாட்டேன். ஆனால், வந்தவரை யார் என்று அந்தப் பையனால் அடையாளம் காண முடிந்ததற்கு, தான் வெறுத்துக் கொளுத்திய புத்தகத்தை அவன் அதற்கு முன் படித்திருந்தது காரணம். அம்மா இல்லாத வீடு காரணம். ஞானஸ்நானம் முடிந்த சில வாரங்களில் அவர் காவி உடுத்திச் சாதுவாகவே கிளம்பினார் என்பதையும் பாருங்கள். அம்மா காட்டிய சாது, அம்மா காட்டாத சாமி. 1918இல் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்தபோது கூட்டம் அலைமோதியது அந்தக் காவிக்கும் சேர்த்துத்தான். 1929இல் திபெத்துக்குக் கிளம்பிப் போனவர் திரும்பவில்லை.

இவருக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறவர் ராமகிருஷ்ண பரமஹம்சர். 1874 வாக்கில், தட்சிணேசுவரக் காளி கோயிலுக்கு அடுத்திருந்த யது மல்லிக்கின் தோட்ட வீட்டில், மேரியும் குழந்தை இயேசுவும் இருக்கும் படத்தைப் பார்த்து நிலைகுலைந்தார். மூன்று நாள் காளி சன்னதிப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் கோயில் தோட்டத்துப் பஞ்சவடியில் வேற்றுநாட்டு முகத்தோடு ஒருவர் எதிரே நடந்து வந்து தன்னைத் தழுவித் தனக்குள் கலந்ததாகச் சொன்னார். சுந்தர் சிங் கண்டதைவிட இது எந்த வகையில் குறைந்தது? இருந்தும் அவர் பாதிரியாரைத் தேடிப் போகவில்லை. காளியிடமே திரும்பினார். எந்தச் சாமி வந்தாலும் உட்காரவைக்க அவருடைய திண்ணையில் இடம் இருந்தது, சண்டை இல்லை, சாவின் விளிம்பில் நிற்கும் பதினைந்து வயதுக் கோபமும் இல்லை.

மாறியவர்களில் பெரும்பாலானோருக்கு எந்தச் சாமியும் நேரில் வந்ததில்லை. நட்டாலத்து நீலகண்ட பிள்ளைக்கு மாடும் பயிரும் அழிந்து மனம் ஒடிந்திருந்தபோது, டச்சுக் கம்பெனியிலிருந்து வந்து திருவிதாங்கூர்ப் படையில் இருந்த டி லனாய் யோபுவின் கதையைச் சொன்னார். 1745இல் அவர் தேவசகாயம் ஆனார், 1752இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் வாட்டிகன் அவரைப் புனிதராக அறிவித்தது. அம்பேத்கர், இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் சொல்லிவிட்டு, இருபத்தோரு வருடம் படித்து, யோசித்து, 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். 1981இல் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனபோதும் யாரும் கனவு கண்டதாகச் சொல்லவில்லை. டீக்கடையிலும் தெருவிலும் பட்டதைச் சொன்னார்கள். அதைக் கேட்பதற்குப் பதில் பணம் எங்கிருந்து வந்தது என்று தேடினோம்.

இப்போது பெரியம்மாவிடம் திரும்புகிறேன். அவளைப்போல வேளாங்கண்ணிக்குப் போகிற இந்துக்களை, ஆகஸ்ட் 29இல் கொடியேறிச் செப்டம்பர் 8இல் முடியும் திருவிழாவில் யாரும் பார்க்கலாம். காவி உடுத்தி நடந்து வருவார்கள், மணலில் முழங்காலால் ஊர்ந்து போவார்கள், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுவார்கள். இதை மதக் கலப்பு என்று முகம் சுளிக்கிறவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வாட்டிகனின் விசுவாசக் கோட்பாட்டு அலுவலகம் தஞ்சாவூர் ஆயருக்கு எழுதிய கடிதம், அங்கே வரும் பிற மதத்தவரைக் குறிப்பிட்டு, அதை மதக் கலப்பாகக் கருதத் தேவையில்லை என்றது. ரோமுக்குப் புரிந்தது நம் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் புரியாமல் இருக்கிறது.

கடன்பட்டவள் கடனை அடைத்துவிட்டு வீடு திரும்புகிறாள். நேர்த்திக்கடன் என்ற சொல்லிலேயே அது இருக்கிறது. யாரோ மதம் மாறினார் என்று கேள்விப்பட்டால், அவர் என்ன கண்டார், எவ்வளவு வாங்கினார் என்று கேட்பதை விட்டுவிட்டு, அவருக்கு முன்பே என்ன வலித்தது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல சமயம் ஓர் அனனியா அகப்படுவார், அல்லது ஒரு திலகவதி.

பண்ருட்டியிலிருந்து திருவதிகை கூப்பிடு தூரம். வீரட்டானேசுவரர் கோயிலில் அப்பருக்குச் சன்னதி உண்டு, திலகவதியாருக்கும் உண்டு. போனால் அக்காவையும் பார்த்துவிட்டு வாருங்கள்.