சம்பங்கித் தண்டு: வெட்டும் முன்னும் வெட்டிய பின்னும்

நிலச்சம்பங்கி பயிரிட்டுள்ள விவசாயிக்கு விற்பனையில் இரண்டு வழிகள் உண்டு. நாள்தோறும் விடியுமுன் மொட்டுகளைப் பறித்து உதிரிப்பூவாக எடை போட்டு விற்பது ஒன்று. பூந்தண்டை அப்படியே வெட்டிக் கட்டுகளாக அனுப்புவது மற்றொன்று. தண்டோடு விற்கப்படும் பூவைக் கொய்மலர் என்பார்கள். சத்தியமங்கலம், நிலக்கோட்டை, தோவாளை என்றதும் நினைவுக்கு வருவது உதிரிப்பூ வியாபாரம்தான். ஆயினும் மணமேடை அலங்காரத்திற்கும் விழா மேடைகளுக்கும் தண்டோடு கூடிய பூக்கள் தேவைப்படுகின்றன. பறிப்புக்கூலி கட்டுப்படியாகாத சிறு விவசாயி இந்தப் பக்கமும் பார்ப்பது இயல்பே.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் கொள்ள வேண்டும். தண்டை வெட்டிவிட்டால் பிறகு திரும்பிப்போக வழியில்லை. செடியில் நிற்கும் தண்டு அடியிலிருந்து நுனி வரை வரிசையாகப் பூத்து, பல நாட்கள் பறிப்புக்குக் கொடுக்கும். வெட்டிய தண்டோ சில நாட்களுக்குள் விலையாகிவிட வேண்டும். ஆகவே வாங்குபவர் யார், எத்தனை கட்டு, எந்தத் தேதி என்பது உறுதியான பிறகே தண்டில் கத்தி வைப்பது நலம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதங்களில் தண்டை வெட்டாமல் விட்டு உதிரிப்பூவாக எடுப்பதே பொதுவாக லாபம்.

இரகத் தேர்விலும் இதே கணக்குதான். ஒற்றை அடுக்கு இரகங்கள் உதிரிப்பூவுக்கும், அடுக்குச் சம்பங்கி கொய்மலருக்கும் ஏற்றவை. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டவற்றுள் சுவாசினி, வைபவ் ஆகியவை கொய்மலருக்கு உகந்தவை. ஒற்றை அடுக்கான பிரஜ்வல் இரண்டுக்கும் உதவும். சந்தை எப்படி இருக்குமோ என்று தயங்குபவருக்கு இதுவே பாதுகாப்பான இரகம்.

வெட்டும் பருவம்

தண்டின் அடியில் உள்ள ஓரிரு ஜோடிப் பூக்கள் விரிந்து, மற்றவை மொட்டாக இருக்கும்போது வெட்ட வேண்டும். முன்னதாக வெட்டினால் மேல் மொட்டுகள் விரியாமலேயே வாடும். தாமதித்தால் அலங்காரக்காரர் கைக்குப் போவதற்குள் அடிப்பூக்கள் பழுத்து உதிரும். அதிகாலை அல்லது மாலை வெயில் தணிந்த வேளை ஏற்றது. உச்சி வெயிலில் தண்டில் நீர் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் வெட்டிய பூ மீண்டும் நிமிர்வது கடினம்.

கத்தி கூராக இருக்கட்டும். மழுங்கிய அரிவாளால் நசுக்கி அறுத்தால் தண்டினுள் நீர் ஏறும் மெல்லிய குழாய்கள் மூடிக்கொள்ளும். வெட்டிய உடனே அடிப்பாகம் நீரில் நிற்கும்படி வாளியில் வைக்க வேண்டும். வரப்பில் குவித்து வைத்துவிட்டு, எல்லாத் தண்டும் வெட்டி முடிந்த பின் மொத்தமாகத் தண்ணீரில் வைக்கும் பழக்கம் பல தோட்டங்களில் உண்டு. அந்த இடைவெளியில் குழாய்களுக்குள் காற்று புகுந்து நீரின் வழியை அடைத்துவிடுகிறது. அப்படி நேர்ந்த தண்டுகளின் அடியை நீருக்குள் அமிழ்த்தியபடியே 2 அல்லது 3 செ.மீ. சாய்வாக நறுக்கிவிட்டால் அடைப்பு நீங்கும்.

உதிரிப்பூவில் பழகியவர்கள் செய்யும் தவறு மற்றொன்று உண்டு. மல்லிகை மீதும் உதிரிச் சம்பங்கி மீதும் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கில் சுற்றுவது வழக்கம். கொய்மலர் தண்ணீரைக் குடிப்பது தண்டின் வழியாகத்தான். மேலே தெளித்த நீர் கட்டுக்குள் தேங்கி இதழில் பழுப்புப் புள்ளியும் அழுகலும் உண்டாகக் காரணமாகும். பூ நனையாமல் அடி மட்டும் நனைய வேண்டும்.

நீரும் சர்க்கரையும்

வாளி சுத்தமாக இல்லாவிட்டால் மற்ற எல்லா முயற்சியும் வீண். பழைய நீரில் பெருகும் நுண்கிருமிகள் தண்டின் வெட்டுவாயை அடைத்துவிடும். நீரில் மூழ்கும் இலைகளை நீக்கிவிட வேண்டும். 10 லிட்டர் நீருக்கு 2 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த நீரை மட்டும் வாளிக்குப் பயன்படுத்தலாம். அளவு கூடினால் தண்டு வெளுத்துவிடும். ஜெர்பரா போன்ற உள்ளீடற்ற காம்புடைய மலர்களுக்கு இந்தக் கவனம் இன்னும் அதிகம் தேவை.

சம்பங்கியில் மேல் மொட்டுகள் விரியாமல் நிற்பது பெரிய குறை. செடியிலிருந்து பிரிந்த தண்டுக்கு உணவு கிடைப்பதில்லை. மொட்டு விரியச் சக்தி வேண்டும். இதற்குச் சர்க்கரைக் கரைசல் பயன் தரும். 1 லிட்டர் நீருக்கு 200 கிராம் சர்க்கரையும், கிருமி வளராமலிருக்க 300 மில்லிகிராம் அலுமினியம் சல்பேட்டும் கரைத்து, அதில் தண்டின் அடியை ஒரு நாள் நிழலில் நிறுத்தி வைத்த பின் சுத்தமான நீருக்கு மாற்றலாம். கிருமிநாசினி சேர்க்காமல் சர்க்கரை மட்டும் இட்டால் தீமையே விளையும். அது மொட்டைவிடக் கிருமிக்கே முதலில் உணவாகும்.

வீட்டில் ஜாடியில் வைப்பவருக்கு இவ்வளவு சர்க்கரை தேவையில்லை. 1 லிட்டர் நீருக்கு 20 கிராம் சர்க்கரையும், கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகையும் போதும். இந்த நீரை இரண்டு நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும். அப்போது அடியையும் சிறிது நறுக்கிவிட வேண்டும்.

பூ வைத்த அறையில் பழுத்த வாழைத்தாரோ மாம்பழமோ இருக்கக் கூடாது. பழங்களிலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு பூவை விரைவில் முதுமையடையச் செய்யும். நீலகிரியில் பசுமைக்குடிலில் வளரும் கார்னேஷன் இதற்கு மிகவும் அஞ்சும். இதழ்கள் உள்மடங்கி உறங்குவதுபோல் ஆகிவிடும்.

அலங்காரக்காரர் எதிர்பார்ப்பது

எந்தத் தண்டுக்கு விலை கூடும் என்பது அலங்காரம் செய்யும் முறையை அறிந்தால் தானே விளங்கும். பூ அலங்காரத்தில் மலர்களுக்கு மூன்று வகை வேலை உண்டு. சம்பங்கி, கிளாடியோலஸ் போன்ற நீண்ட தண்டுகள் முதலில் குத்தப்பட்டு உயரத்தையும் அகலத்தையும் வரையறுக்கும். அடுத்து ரோஜா, கார்னேஷன் போன்ற உருண்டை மலர்கள் நடுவில் கண்ணை நிறுத்தும். ஜிப்சோபிலாவும் அஸ்பராகஸ் தழையும் இடைவெளியை நிரப்பும். ஜாடியின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு உயரம் பூவுக்கு இருந்தால் பார்வைக்குப் பொருத்தமாக இருக்கும் என்பது பொது விதி. 30 செ.மீ. ஜாடிக்கு மேலே 45 செ.மீ. தண்டு தெரிய வேண்டும். குத்துவதற்கும் நறுக்குவதற்கும் இன்னும் கொஞ்சம் வேண்டும். வெட்டும்போது ஒரு சாண் குறைத்துவிட்டால், அந்தத் தண்டு மேடைக்கு உதவாது.

நிறமும் கனமும் கீழே, மொட்டும் மெல்லியதும் மேலே என்பது மற்றொரு விதி. அடியில் பூ, நுனியில் மொட்டு என்று இயற்கையாகவே அமைந்திருப்பதால் சம்பங்கிக்கு இது தானே பொருந்திவிடுகிறது. நுனி ஒடிந்த தண்டின் விலை விழுவதும் இதனால்தான்.

கோடு வரையும் மலர் கோணலாக இருந்தால் பயனில்லை. கிளாடியோலஸைப் படுக்க வைத்தால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், பிறகு நேராகாது. சம்பங்கியையும் நிறுத்தியே வைப்பதும் அனுப்புவதும் நல்லது. நீளத்தின்படி தரம் பிரித்து, ஒரே நீளமுள்ளவற்றை ஒரு கட்டாகக் கட்ட வேண்டும். நீளமானவற்றை வெளியே வைத்துக் குட்டையை உள்ளே மறைத்தால் வாங்குபவர் மேடையில் பிரிக்கும்போது தெரிந்துவிடும். அடுத்த முகூர்த்தத்திற்கு அவர் வேறு தோட்டத்தைத் தேடுவார்.

பூக்குத்தும் பச்சை நுரைக்கட்டியைப் பற்றியும் ஒரு சொல். மேடை வேலையையும் தாமே எடுத்துச் செய்யும் இளைஞர்கள் கிராமங்களில் உண்டு. நுரைக்கட்டியைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தானாக மூழ்கச் செய்ய வேண்டும். கையால் அமுக்கினால் நடுவில் ஈரம் ஏறாது. குத்திய தண்டைச் சிறிது மேலே இழுத்தால் அடியில் வெற்றிடம் ஏற்பட்டு நீர் எட்டாது. இந்தக் கட்டி மக்காது என்பதால் எருக்குழியில் போடலாகாது. அகன்ற பாத்திரத்தில் கோழி வலையைச் சுருட்டி வைத்தும் பூக்களை நிறுத்தலாம். அந்த வலையைக் கழுவி மறுமுறையும் பயன்படுத்தலாம்.

விலை போகாமல் திரும்பிய தண்டுகளைக் கண்டு சோர்ந்துவிடத் தேவையில்லை. நீரிலேயே நிறுத்தி வைத்து, வாடாத பூக்களையும் முதிர்ந்த மொட்டுகளையும் மறுநாள் விடியற்காலையில் பறித்தால் மாலை கட்டுவோர் வாங்கிக்கொள்வர். பூ நீங்கிய தண்டுகளை எருக்குழியில் சேர்க்கலாம்.