கோல்ஃப் வீச்சும் கீழ்முதுகு வலியும்

கீழ்முதுகு வலிக்குச் சிகிச்சை பெற்றுத் தேறியவர்களில் கோல்ஃப் ஆடுபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இனி மட்டையைத் தொடலாமா?” பெரும்பாலானோர் தொடலாம். 18 குழிகளையும் நடந்தே ஆடி முடிப்பவர் ஏழெட்டு கிலோமீட்டர் நடந்துவிடுகிறார். இது இதயத்திற்கு நல்லது. விடுமுறை நாள் காலையில் நண்பர்கள் நால்வர் கூடி ஆடுவது மனத்திற்கும் நல்லது. ஆனால் பழைய முறையிலேயே மட்டையை வீசினால் பழைய வலியும் திரும்பி வரக்கூடும்.

வலி ஏன் வருகிறது?

மட்டையைப் பின்னோக்கி ஓங்கும்போது தோள்கள் ஏறத்தாழ 90 பாகை வரை திரும்புகின்றன. இதில் கீழ்முதுகின் பங்கு மிகக் குறைவு. அங்குள்ள ஐந்து எலும்புகளும் சேர்ந்து ஒரு பக்கத்திற்குச் சுமார் 10 பாகை அளவே திரும்பக்கூடியவை. குனிவதற்கும் நிமிர்வதற்கும் ஏற்ற அமைப்பு அவற்றினுடையது. திரும்பும் வேலை இடுப்பு மூட்டுகளுக்கும் மேல்முதுகிற்கும் உரியது. நெடுநேரம் நாற்காலியில் அமர்ந்து பணி செய்வோருக்கு இவ்விரண்டு பகுதிகளும் இறுகிவிடுகின்றன. அவை திரும்பாத குறையைக் கீழ்முதுகு ஈடுசெய்ய முயன்று நோகிறது. ஆகவே வலி தெரியும் இடம் ஒன்று, காரணம் இருக்கும் இடம் வேறொன்று.

வீச்சைத் திருத்திக்கொள்ளும் வழி

வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கான குறிப்புகள் இவை. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

1. நிற்கும்போது இரு பாதங்களின் முன்பகுதியையும் சற்று வெளிப்புறமாகத் திருப்பி வையுங்கள். இடுப்பு மூட்டுகள் எளிதாகத் திரும்பும்.

2. பின்னோக்கி ஓங்கும்போது இடுப்பும் தோளோடு சேர்ந்து திரும்பட்டும். இடது குதிகால் தரையிலிருந்து சிறிது எழுந்தால் தடுக்காதீர்கள்.

3. பந்தை அடித்து முடித்தபின் முதுகு வில்லாகப் பின்னால் வளையலாகாது. எடை இடது காலில் இறங்க, நெஞ்சு இலக்கை நோக்க, நிமிர்ந்து நில்லுங்கள்.

4. முழு விசையில் சுமார் முக்கால் பங்கே போதும். பந்து மட்டையின் நடுவில் சரியாகப் பட்டால் தூரத்தில் பெரிய குறை இராது.

களத்தில் இறங்குமுன் 10 நிமிடம் வேகமாக நடந்து, மட்டையைத் தோள்களின் மேல் குறுக்கே பிடித்து இரு பக்கமும் மெல்லத் திரும்பிப் பழகுங்கள். விடியற்காலையில் உடல் சூடேறாமல் அடிக்கும் முதல் அடியே பலருக்கு வலியின் தொடக்கமாகிறது.

குழு ஆட்டத்தில் ஒரு கவனம்

நண்பர்கள் விரும்பும் ‘ஸ்கிராம்பிள்’ முறையில் நால்வரும் அடிப்பர். சிறந்த பந்து விழுந்த இடத்திலிருந்தே அனைவரும் அடுத்த அடியை அடிப்பர். நண்பர் ஒருவரின் பந்து நல்ல இடத்தில் விழுந்துவிட்டால், “இழப்பதற்கு ஒன்றுமில்லை” என்று மற்றவர் முழு பலத்தையும் காட்டத் தோன்றும். முதுகு தேறிவருபவருக்கு ஆபத்தான தருணம் அதுவே. அவ்வேளையில் உங்கள் அடியை விட்டுக்கொடுக்கலாம் என்று நண்பர்களிடம் முன்னரே பேசி வையுங்கள். குழுவாக ஆடுவதன் நன்மையே, எல்லாச் சுமையையும் ஒருவர் தாங்க வேண்டியதில்லை என்பதுதான்.

படிப்படியாகத் திரும்புங்கள்

மருத்துவர் அனுமதித்தபின், முதலில் குழிக்கு அருகிலிருந்து பந்தை உருட்டும் ஆட்டம். அடுத்து சிறு அடிகள். பின்பு அரை வீச்சு. இறுதியில் முழு வீச்சு. ஒரு படியில் வலியின்றி ஓரிரு வாரம் ஆடியபின் அடுத்த படிக்குச் செல்லுங்கள். பயிற்சித் திடலில் ஒரே மூச்சில் 100 பந்துகளை அடிப்பது 18 குழி ஆட்டத்தைவிட முதுகைக் களைப்படையச் செய்யும். பந்தை எடுக்க முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். பையைச் சுமப்பதைவிடத் தள்ளுவண்டியில் தள்ளிச் செல்வது நல்லது.

உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

வலி காலுக்குள் இறங்குதல், கால் மரத்துப்போதல் அல்லது வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவரைக் காணுங்கள். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலும், சிறுநீர் கழிக்க இயலாமற்போனாலும், ஆடும்போது நெஞ்சு வலித்தாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். குடும்பத்தினரும் இவற்றை அறிந்திருப்பது நலம். “சற்று நேரத்தில் சரியாகிவிடும்” என்று ஆட்டக்காரர் சொல்லும்போது, அழைத்துவர வேண்டியவர்கள் நீங்களே.